ரோஸ் ஹில் மாடியில் ஒரு நிழல் கடிகாரம்

பிப்ரவரி 12-ஆம் தேதி பகல். கைபேசி 12 மணி 24 நிமிடம் காட்டியபோது, எங்கள் மாடியில் நிற்கும் சூரியக் கடிகாரத்தின் எஃகுக் கோல் நிழல், அதன் கீழுள்ள அரைவட்டப் பட்டையின் அடிப்புள்ளியில் வந்து உட்கார்ந்தது. கணக்குப்படி அன்று மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் உச்சிவேளை அதே நிமிடம்தான். ஐந்து மாதமாகச் செய்ததும் பிரித்ததும் மறுபடி செய்ததுமாக இருந்த வேலை அன்று முடிந்தது. எங்கெங்கே தவறினேன் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வாழும் தமிழர் யாராவது இதைச் செய்ய நினைத்தால், என் ஐந்து மாதம் அவருக்கு ஐந்து வாரமாகக் குறையும்.

தொடக்கம் செப்டம்பரில். நான் தமிழ் ஆசிரியர். பிள்ளைகளுக்கு நாழிகை, பொழுது, திசை ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்கும்போது காட்ட ஒரு பொருள் வேண்டியிருந்தது. சென்னைக்காக வரைந்த ஒரு சூரியக் கடிகாரப் படம் கிடைத்தது. ஒட்டுப்பலகையில் அதை அப்படியே ஒட்டி, முக்கோணத் தகட்டை வெட்டி நடுவில் நிறுத்தினேன். காலை ஒன்பது மணிக்கு நிழல் மூன்றின் மேல் விழுந்தது. பலகையைத் திருப்பினேன்; அப்போது எண்கள் சரியாக வந்தாலும் நேரம் ஓட ஓட நிழல் எதிர்த்திசையில் போனது. வடகோளத்தில் தரையில் கிடக்கும் கடிகாரத்தின் நிழல் வலஞ்சுழியாகச் சுற்றும். இங்கே இடஞ்சுழி. முக்கோணத்தின் சாய்வும் சென்னையின் 13 பாகையாக இருந்தது. நாங்கள் இருப்பது தெற்கு அட்சம் 20 பாகை 14 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை). அந்தப் படத்தில் எங்கள் ஊருக்குப் பொருந்தும் கோடு ஒன்றுகூட இல்லை.

எங்கள் அட்சத்துக்குக் கணக்குப் போட்டு மறுபடி வரைந்தேன். உச்சிக்கோட்டுக்கும் ஒரு மணிக் கோட்டுக்கும் இடையே வெறும் 5.3 பாகை, ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே 38 பாகை. கோட்டின் நீளம் 30 செ.மீ. என்றால், நண்பகலை ஒட்டி ஒரு மணி நேரம் முழுவதும் 28 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகே போகப் போகத் தரைக் கடிகாரம் இப்படித்தான் நெருக்கிக்கொள்ளும். பலகையை மூலையில் சாத்திவிட்டு வேறு வடிவத்துக்குப் போனேன். பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு கோல். அதற்குக் கீழே, அதை மையமாகக் கொண்டு ஓர் அரைவட்டப் பட்டை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் இந்தப் பட்டையில் எல்லா மணிகளும் சம இடைவெளியில் விழும். ஆரம் 30 செ.மீ. என்றால் ஒரு மணிக்கு 78.5 மி.மீ., ஒரு நிமிடத்துக்கு 1.3 மி.மீ. இது கண்ணுக்குப் படும் அளவு.

கோலைத் தெற்கு நோக்கி 20 பாகை 14 கலை உயர்த்த வேண்டும். அதற்கு முதலில் தெற்கு எது என்று தெரிய வேண்டும். வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் வழிகாட்டும். தென்துருவ வானில் அப்படிப் பளிச்சென்ற நட்சத்திரம் இல்லை. கைவசம் இருந்த காந்த ஊசியை நம்பிக் கோடு போட்டேன். அந்தக் கோட்டைச் சங்கு, அதாவது செங்குத்தான நிழற்கோல், நட்டுச் சரிபார்க்கலாம் என்று தோன்றியது நல்ல காலம். சங்கு நட்டுத் திசை காண்பது நம் தச்சர்களும் சிற்பிகளும் காலங்காலமாகச் செய்வது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும்போதுகூட, இரண்டு கோல்களின் நிழலைப் பார்த்து, நூலறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள்.

அக்டோபர் 12, சனிக்கிழமை. மாடித் தளம் சமமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இங்கே பெரும்பாலான வீடுகளுக்குப் புயலைத் தாங்கும் கான்கிரீட் தட்டைக் கூரை, ‘தால்’ என்பார்கள். மழைநீர் வடிய அதற்கு ஒரு வாட்டம் கொடுத்திருப்பார்கள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. ஆகவே தளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு, கீழே ஆப்பு செருகி மட்டப்படுத்தினேன். அதன் மேல் 50 செ.மீ. உயரக் கம்பி; தூக்குக்குண்டு தொங்கவிட்டு நிமிர்த்தினேன். கம்பியின் உச்சி நிழல் மங்கலாக, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் இருந்தது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப்பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம் எப்போதும் கரைந்துதான் இருக்கும். உச்சியில் மூன்று மில்லிமீட்டர் துளையிட்ட சிறு தகட்டைப் பொருத்தியதும் நிழலுக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. அது சூரியனின் பிம்பம். துளையிலிருந்து அது விழும் தூரத்தில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்கு அகலம். 1655-இல் வானியலர் காசினி இத்தாலியின் பொலோனா நகரத்து சான் பெட்ரோனியோ தேவாலயத்தில் இதே உத்தியை 66 மீட்டருக்கு மேல் நீண்ட தரைக்கோட்டின் மேல் செய்தார்.

கம்பியைச் சுற்றி 60 செ.மீ. ஆரத்தில் வட்டம். காலை 8 மணி 35-க்குப் பொட்டு வட்டத்தைத் தொட்டு உள்ளே போனது. பிற்பகல் 3 மணி 18-க்கு மறுபக்கம் வெளியே வந்தது. இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து, தெற்கு வடக்கு. முந்தைய இரண்டு நாட்கள் காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மேகம் என்று வீணாயின. மூன்றாம் நாள்தான் இரண்டு புள்ளியும் கிடைத்தன. காந்த ஊசிக் கோட்டையும் இந்தக் கோட்டையும் ஒப்பிட்டேன். இடையே ஏறத்தாழ 18 பாகை! இந்தத் தீவில் ஊசி அவ்வளவு மேற்கே விலகி நிற்கிறது. அதை நம்பியிருந்தால் கடிகாரம் கண்டபடி ஓடியிருக்கும்.

இரும்பு வேலை என் மைத்துனருடையது. கதவு, ஜன்னல் கம்பி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். தகட்டை எதன் மேல் வளைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், “அத்தான், லாரிச் சக்கர வளையம் ஒன்று கிடக்கிறது, பாருங்கள்” என்று பின்பக்கத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். விட்டம் 57 செ.மீ. நான்கு செ.மீ. அகலம், மூன்று மி.மீ. தடிமனுள்ள பட்டையை அதன் மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தார். பிடியை விட்டதும் பட்டை தானாகச் சற்று விரிந்து 60 செ.மீ. விட்டத்துக்கு வந்து நின்றது. அவர் முன்பே அதைக் கணக்கிட்டிருந்தார். மையத்திலிருந்து நூல் பிடித்து அளந்தபோது ஆரம் 29.6-லிருந்து 30.5 வரை ஏறி இறங்கியது. மேலும் அரைமணி நேரம் தட்டிச் சீராக்கினோம். சாய்வுக்குக் கோணமானி வைக்கவில்லை. ஒட்டுப்பலகையில் அடி 100 செ.மீ., உயரம் 36.9 செ.மீ. என்று செங்கோண முக்கோணம் வெட்டினோம். அதன் சாய்ந்த விளிம்புதான் 20 பாகை 14 கலை. கோல் அந்த விளிம்போடு ஒட்டும்வரை கால்களின் உயரத்தை மாற்றினோம்.

கோலின் நீளத்தை நான் 20 செ.மீ. என்று சொன்னேன். அது தவறு என்று டிசம்பரில் தெரிந்தது.

நவம்பர் 3, ஞாயிறு. பட்டைக்கு வெள்ளை அடித்து, தையல் டேப்பால் 94.2 செ.மீ. நீளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆறாகப் பிரித்தேன். பட்டையின் கீழே நீள்துளை வைத்த இரண்டு போல்ட். தளர்த்தினால் பட்டையைக் கிழக்கு மேற்காக நகர்த்தலாம். கைபேசியில் 12 ஆனதும் 12 என்ற கோட்டை நிழலுக்குக் கீழே கொண்டுவந்து முடுக்கினேன். அன்று மாலை வரை நேரம் இம்மி பிசகவில்லை. நான்கு நாட்கள் அதே சந்தோஷம்.

நவம்பர் 22 தனி நாள். இந்த அட்சத்தில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை தலைக்கு நேர் மேலே வரும்: நவம்பர் 22-ஐ ஒட்டி ஒரு முறை, ஜனவரி 20-ஐ ஒட்டி இன்னொரு முறை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டு மாதம் உச்சி நிழல் வடக்கே விழும். மற்ற பத்து மாதம் தெற்கே. அன்று 11 மணி 56-க்குத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். குண்டின் நிழல் குண்டுக்கு நேர் கீழே ஒரு கறுப்பு வட்டமாக நின்றது. நூலின் நிழலே இல்லை. என் மகள் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். உள்ளே அடிவரை வெளிச்சம். சுவரில் எந்தப் பக்கமும் நிழல் இல்லை. “அப்பா, டம்ளருக்குள் சூரியன் நிறைந்துவிட்டது” என்றாள்.

பழங்கால எகிப்தில், சியேன் நகரக் கிணற்றில் வெயில் அடிவரை விழுந்த நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் எவ்வளவு சாய்ந்தது என்று பார்த்துத்தான் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். எனக்கு அலெக்சாந்திரியாவில் ஆளில்லை. புதுச்சேரியில் ஒரு நண்பர் இருக்கிறார். அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் ஒரு மீட்டர் கோல் நட்டு, அவர் ஊர் உச்சிவேளையில் நிழல் 62.5 செ.மீ. என்று அனுப்பினார். கோணம் 32 பாகை. நம் இரண்டு ஊர்களுக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரத்தை வரைபடத்தில் அளந்தால் சுமார் 3,560 கி.மீ. பெருக்கினால் 40,050. ஒரு டம்ளரையும் ஒரு கோலையும் வைத்துக்கொண்டு பூமியைச் சுற்றி அளந்துவிட்டோம் என்று அன்று மாலை முழுவதும் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே சிக்கல். சூரியன் தெற்கே போகப் போக, கோலின் நிழல் பட்டையில் வடக்கே நழுவிக்கொண்டு வந்தது. டிசம்பர் 1 அன்று நிழலின் முனை பட்டையின் வடக்கு விளிம்பைத் தாண்டியது. பட்டையில் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூரியன் 23.4 பாகை வரை தெற்கேயும் வடக்கேயும் போகிறது. 30 செ.மீ. ஆரத்துக்கு நிழல் 13 செ.மீ. நகரும். என் கோலோ மையத்திலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து செ.மீ.தான். டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் காலியாக இருக்கும். மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை மறுபடி காலி. டிசம்பர் 7 அன்று எட்டு மி.மீ. துருப்பிடிக்காத எஃகில் 60 செ.மீ. கோல் வெட்டி, கால்களைத் தள்ளி வைத்து மறுபடி பற்றவைத்தோம். தென்முனைக்கும் வடமுனைக்கும் உயர வித்தியாசம் 20.8 செ.மீ. வர வேண்டும், வந்தது.

ஆனால் கடிகாரம் எட்டு நிமிடம் பின்தங்கியது. பற்றவைத்த சூட்டில் பட்டை முறுக்கிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். மைத்துனர், “சூட்டில் கோணினால் ஒரு பக்கம்தானே கோணும்? காலையும் மாலையும் ஒரே அளவு தவறுகிறதே, அத்தான்” என்றார். அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, பட்டையைப் பத்து மில்லிமீட்டர் நகர்த்தி முடுக்கினேன். இந்த முழு வேலையில் நான் செய்த பெரிய பிழை இதுதான். கருவி சரியாக இருக்கையில், காரணம் தெரியாமல் அதைத் திருத்தினேன்.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. இங்கே பொது விடுமுறை. கார் த கார்த் மலைக்கோவிலில் காவடி முடித்து, கால் கொதிக்க வீடு திரும்பி மாடிக்கு ஏறினேன். கைபேசியில் மணி மூன்று. நிழல் இரண்டு மணி 37-இல் நின்றது. இரண்டு மாதத்தில் 22, 23 நிமிடம். இரும்பு அவ்வளவு கோணாது.

அன்றிரவுதான் முன்பே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். சூரியன் காட்டும் நேரமும் கடிகார நேரமும் ஆண்டு முழுவதும் ஒன்றாகப் போவதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம்; ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகே வேகமாக ஓடுகிறது. அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து நவம்பர் 3-ஐ ஒட்டிச் சூரியனைப் பதினாறரை நிமிடம் முந்தச் செய்கின்றன. பிப்ரவரி 11-ஐ ஒட்டிப் பதினான்கு நிமிடம் பிந்தச் செய்கின்றன. நான் முதன்முதலில் கடிகாரத்தைப் பூட்டிய நாள் ஆண்டின் ஒரு கோடி. தவறு பிடிபட்ட நாள் மறு கோடி. போதாததற்கு, மொரீஷியஸின் கடிகாரம் 60-ஆம் தீர்க்கரேகைக்கு உரியது. ரோஸ் ஹில் இருப்பது 57 பாகை 28 கலையில். அது நிரந்தரமாகப் பத்து நிமிடம்.

பிப்ரவரி 12 காலை எல்லாவற்றையும் அழித்தேன். உண்மையான உச்சிவேளை அடிப்புள்ளியில்தான் விழ வேண்டும். அதை எந்தக் கடிகாரத்துக்காகவும் நகர்த்தக் கூடாது. தூக்குக்குண்டால் அடிப்புள்ளியைக் குறித்து, 12 என்ற கோட்டை அதற்கு 13 மி.மீ. மேற்கே போட்டேன், தீர்க்கரேகைக் கணக்கு அதோடு முடிந்தது. மீதியை நாளுக்கு நாள் கூட்டிக் கழிக்கப் பத்து நாளுக்கு ஒரு வரியாக அட்டவணை எழுதி அடித்தகட்டில் ஒட்டினேன். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டிக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இப்போது இரண்டு நிமிடத்துக்குள் நேரம் சொல்கிறது.

செலவு மொரீஷியஸ் ரூபாயில்: முதல் பலகைக் கடிகாரம் 480, பட்டையும் பழைய கோலும் கால்களும் 900, எஃகுக் கோல் 350, போல்ட் 160, வண்ணமும் தூரிகையும் 250. மொத்தம் 2,140. மைத்துனர் கூலி வாங்கவில்லை. கோலின் நீளத்தை முன்பே கணக்கிட்டிருந்தால் ஐந்நூறு ரூபாயும் ஒரு மாதமும் மிஞ்சியிருக்கும்.

மறுமுறை செய்தால் கோலை நான்கு மி.மீ. ஆக்குவேன். எட்டு மி.மீ. கோலின் நிழல் பட்டையில் ஆறு நிமிட அகலம் பிடிக்கிறது; இரண்டு ஓரத்தையும் பார்த்து நடுவை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இரும்புப் பட்டைக்குப் பதில் எஃகு; கடற்காற்றில் வெள்ளைக்கு அடியில் இப்போதே துரு எட்டிப் பார்க்கிறது. கோலின் நடுவில் ஒரு மணியைக் கோத்து, உச்சிக்கோட்டின் நெடுக 30 செ.மீ. அளவுகோல் வைத்தால் மணியின் நிழல் மாதத்தைச் சொல்லும். அடித்தகடு நான்கு போல்ட்டில் நிற்கிறது. புயல் எச்சரிக்கை இரண்டாம் எண்ணுக்கு ஏறினால் கழற்றி உள்ளே வைக்கப் பத்து நிமிடம் ஆகிறது. அதையும் பாதியாகக் குறைக்க வேண்டும். கோடையில் மாலைச் சூரியன் கார் த கார்த் மலைக்குப் பின்னால் முன்கூட்டியே மறைவதற்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை.

இந்த வேலை நடந்த மாதங்களில் இந்தத் தீவைப் பற்றி நான் அறிந்தது நிறைய. 1751-இல் லகாய் என்ற பிரெஞ்சு வானியலர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்தும், லலாந்து பெர்லினிலிருந்தும் நிலவைப் பார்த்து, இரண்டு ஊரிலிருந்தும் அது எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதிலிருந்து அதன் தொலைவைக் கணித்தார்கள். லகாய் 1753-இல் இங்கேயும் வந்து தங்கினார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லிண்ட்சே பிரபுவின் குழு இந்தத் தீவின் பெல்மான்ட்டில் முகாமிட்டது. அங்கே டேவிட் கில் ஜூனோ என்ற சிறுகோளை மாலையிலும் அதிகாலையிலும் அளந்தார். பூமி சுழன்று அவரையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வைத்தது. இன்னொரு ஊரில் இன்னோர் ஆள் தேவைப்படவில்லை. சூரியனின் தொலைவு அந்த வழியாகக் கிடைத்தது.

என் மனம் அதிகம் நின்றது லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலர் மேல். 1760-இல் இந்தத் தீவுக்கு வந்து, இங்கிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் ஆடும் கப்பலில் இருந்தார், எதையும் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டு காத்திருந்து, 1769-இல் புதுச்சேரியில் ஆயத்தமாக நின்றார்; மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு தமிழ்க் கணிதர் அவருக்குக் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொடுத்தார். எழுதுகோல் இல்லாமல், சோழிகளைத் தரையில் பரப்பிச் செய்யும் கணக்கு. 1765 ஆகஸ்ட் 30-இன் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி அதிகமாகவும் சொன்னதாக லெ ஜாந்தியே பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிதரின் பெயர் தெரிந்தால் இந்தப் பட்டையில் பொறித்திருப்பேன்.

பிப்ரவரி 12 இரவு பதினொரு மணிக்கு மறுபடி மாடிக்குப் போனேன். முழுநிலவு அன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன் நிறைந்திருந்தது. வடகிழக்கே உயர நின்ற நிலவின் ஒளியில், வெள்ளைப் பட்டையின் மேல் கோலின் நிழல் சாம்பல் நிறத்தில் தெளிவாக விழுந்தது. அட்டவணைப்படி பதினான்கு நிமிடம் கூட்டிப் பார்த்தேன். நிலவு காட்டிய நேரம் கைபேசிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தியிருந்தது. நிறைந்து ஐந்து மணி நேரம் ஆன நிலவு அவ்வளவு பிந்தத்தான் வேண்டும். மறுநாள் இரவு முக்கால் மணிக்கு மேல் பிந்தும். பகலில் பட்டையின் வடக்கு நோக்கி விழுந்த கோலின் நிழல் இப்போது தெற்கு நோக்கி விழுந்திருந்தது. பிப்ரவரி முழுநிலவு ஆகஸ்ட் மாதச் சூரியன் நிற்கும் இடத்துக்கு அருகே நிற்கிறது. மகளை எழுப்பிக் கூட்டிவந்து, விரலால் அந்த நிழலைத் தொட்டுக் காட்டினேன். அவள் பட்டையில் எண்ணைப் படித்து, “பத்தே முக்காலா, அப்பா?” என்றாள்.